ஓரமாக அழைத்துச் சென்ற ஆண்டவர்

தியானப் பகுதி: மாற்கு 7:31–37, மாற்கு 5:25–43



சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் மின்சார ரயிலைப் பிடிக்கக் குரோம்பேட்டைக்குச் செல்வோம். இல்லையேல் தாம்பரம் சானடோரியத்துக்குச் செல்வோம். ‘சானடோரியம்’ என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவே. ஆனால் நம் பெற்றோர் தலைமுறைக்கு அது ஒரு தீர்ப்பு. ‘அவர் சானடோரியத்துக்குப் போய்வருகிறார்’ என்று யாரேனும் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள், அடுத்த வீட்டார் தங்கள் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

அந்த இடத்தின் வரலாறு இரக்கத்தில் தொடங்கியது. 1928-ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென அதை நிறுவினார். அந்நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. தூய காற்றும், மரநிழலும், சத்துள்ள உணவும், நீண்ட ஓய்வுமே மருத்துவம். 1937-இல் அது அரசின் பொறுப்பில் வந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பின்வந்த ஆண்டுகளில் பல இடங்களிலும் கதவடைக்கப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடங்களுள் முதன்மையானது நம் தாம்பரம் மருத்துவமனை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

இத்தகைய மருத்துவமனையின் அண்டையில் இருக்கும் சபைக்கு ஓர் ஊழியம் தானாகவே வந்து சேருகிறது. மாத்திரை வாங்க வருகிறவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள், வேலையை இழந்தவர்கள் நம் வாசலைத் தட்டுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் பணமன்று. கதவைச் சற்றுச் சாத்தலாமா என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்கு முன் இருந்த போதகர் அவர்களுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பழுப்பு அட்டை போட்டது. ஆலய அலுவலகத்து இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி அவருடைய இடுப்பில் இருக்கும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மாத்திரமே இருக்கும். பொறுப்பை ஏற்றுக்கொண்ட நாளில் அதைப் புரட்டிப் பார்த்து, ‘இது என்ன ஒழுங்கற்ற பதிவு!’ என்று உள்ளத்தில் எண்ணிக்கொண்டவன் நான். அதன் ஒழுங்கு எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. விளங்கியதற்கு வேறொருவர் விலை கொடுத்தார். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

2015 டிசம்பர் முதல் நாள் மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. சிட்லபாக்கத்துத் தெருக்களில் வெள்ளம் நின்றது. அப்போது யாருக்கு என்ன கொடுத்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஒரு வீட்டுக்கு மூன்று பாய்கள் சென்றன. அடுத்த வீட்டுக்கு ஒன்றும் செல்லவில்லை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது அந்தத் தவற்றைத் திரும்பச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தோம். வாலிபர் சங்கத்தார் கணினியில் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். பெயர், தெரு, கைப்பேசி எண், குடும்பத்தில் எத்தனை பேர், குடும்ப அட்டை உண்டா, மருந்துத் தேவை என்ன, எங்கே வாங்குகிறார்கள் என்பனவெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தன. தொண்டர்கள் அனைவரும் தத்தம் கைப்பேசியிலேயே அதைத் திறக்கலாம், நிரப்பலாம். ஒரே வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அரிசியும் மருந்தும் முறையாகச் சேர்ந்தன. ‘நம் சபையும் நவீனமாகிவிட்டது’ என்று நான் மகிழ்ந்தேன்.

அந்த அட்டவணையில் ஒரு சகோதரியின் பெயரும் இருந்தது. தன் மருத்துவச் செய்தியை அவர் என்னிடம் மாத்திரமே சொல்லியிருந்தார். வாகனங்கள் ஓடாத நாட்களில் அவருக்கு மாத்திரை தடைப்படக்கூடாதென்று, நானே என் கையால் அந்தக் கட்டத்தில் இரண்டு சொற்களைத் தட்டினேன்: ‘சானடோரியம், மாதந்தோறும்.’ நோயின் பெயரை எழுதவில்லை. ஆகவே காத்துவிட்டதாக நினைத்தேன். இந்த ஊரில் அந்த இரண்டு சொற்களே போதுமென்பதை மறந்துபோனேன்.

தொண்டர்களுள் ஒரு சகோதரர், மெய்யான நல்லெண்ணத்தோடு, அந்த அட்டவணையின் இணைப்பைத் தம் உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘இந்தக் குடும்பங்களுள் ஏதேனும் ஒன்றைத் தாங்க முடியுமா?’ என்று கேட்டே அனுப்பினார். அந்த உறவினர், அச்சகோதரி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அடுத்த மாதம் ‘மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும்’ என்ற செய்தி வந்தது. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முன்பணம் ஒரு ரூபாய் குறையாமல் திரும்பக் கிடைத்தது. அவ்வீட்டில் எந்தக் கல்யாணமும் நடக்கவில்லை.

அவர் வீட்டைக் காலி செய்த பிறகு என்னைப் பார்க்க வந்தார். அழவில்லை. ‘ஐயா, நான் உங்களுக்குத்தான் சொன்னேன், அரிசி கொடுக்கிறவங்களுக்குச் சொல்லலையே. நீங்க ஜெபிக்கிறதுக்காகச் சொன்னதை எதுக்கு எழுதினீங்க?’ என்று மட்டும் கேட்டார்.

அன்பானவர்களே, இறையியல் கல்லூரியில் எத்தனையோ தேர்வுகளை எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அதற்குப் பின்னர்தான் மாற்கு சுவிசேஷத்தை வேறொரு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். தெக்கப்போலி நாட்டில் காது கேளாத, பேச்சுத் தெளிவில்லாத ஒரு மனிதனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். கூட்டம் காத்திருக்கிறது. ஆண்டவரோ அவனைக் கூட்டத்திலிருந்து பிரித்து ஓரமாக அழைத்துச் செல்கிறார். மூலமொழியில் அங்கே வரும் ‘காட் இடியான்’ என்ற சொல்லுக்கு ‘தனித்து, அவரவர்க்குரியதாக’ என்று பொருள். சுகமாக்க அவருக்குத் தனியிடம் தேவையில்லை; ஒரு சொல்லால் தூரத்திலிருந்தே சுகமாக்கியவர் அவர். தனியிடம் அந்த மனிதனுக்குத் தேவைப்பட்டது. தன் குறையைப் பிறர் வாயால் கேட்கவும் இயலாமல், தன் வாயால் விளக்கவும் இயலாமல் வாழ்ந்தவன், வேடிக்கை பார்க்கும் கண்களின் நடுவே சுகமாக வேண்டியதில்லை என்று ஆண்டவர் கருதினார்.

யவீருவின் வீட்டிலும் அப்படியே. அழுகையும் இரைச்சலுமாய் நிறைந்திருந்த வீட்டிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்புகிறார். பெற்றோரும் மூன்று சீஷர்களும் மாத்திரமே அந்த அறைக்குள் செல்கிறார்கள். பன்னிருவரிலும் ஒன்பது பேர் வெளியே நிற்கிறார்கள்! அவர்களும் உண்மையுள்ள ஊழியர்கள்தாம். ஆயினும் உண்மையுள்ளவர் என்பதாலேயே ஒருவர் எல்லாவற்றையும் காணவேண்டும் என்று ஆண்டவர் எண்ணவில்லை. எங்கள் அட்டவணையை இருபதுக்கும் மேற்பட்டோர் திறக்க முடிந்ததை நினைத்தபோது, இந்தப் பகுதி என்னை நேராகக் குத்தியது.

‘அப்படியானால் பெரும்பாடுள்ள ஸ்திரீயை அவர் கூட்டத்தின் நடுவே ஏன் நிறுத்தினார்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். தம்மைத் தொட்டது யார் என்றுதான் அவர் கேட்டார். அவளுடைய நோயின் பெயர் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. நடந்ததை அவளே சொன்னாள். சொல்லும் உரிமையை ஆண்டவர் அவளிடமே விட்டுவைத்தார். அவள் சொன்ன பின்பு அவளை மகளென்று அழைத்தார். தன் கதையைத் தானே சொல்லுகிறவள் சாட்சி பகருகிறாள். அதே கதையை அவளைக் கேளாமல் வேறொருவர் சொன்னால், அது சாட்சியாகாது; புறங்கூறுதலாகும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நாம் அனுப்பும் எத்தனை செய்திகள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை!

இதைச் சமூகப்பணித் துறை தன் வழியில் கற்று வைத்திருக்கிறது. 1936-இல் மும்பையில் நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியது. அத்துறையின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கும் ஏழு கோட்பாடுகளை 1957-இல் வகுத்தளித்தவர் ஃபீலிக்ஸ் பியஸ்டெக். அவர் ஓர் இயேசு சபைக் குரு. ஏழாவதாக அவர் வைத்தது இரகசியம் காத்தல். உதவி தேடி வருகிறவர் தம்மைப் பற்றிய உண்மையை நம்மிடம் ஒப்படைக்கிறார். அது நம்முடைய உடைமையாகிவிடுவதில்லை என்பதே அதன் சாரம்.

பூட்டிய அலமாரியின் காலத்தில் அந்தக் கோட்பாட்டைக் காக்கச் சோம்பலே துணை செய்தது. ஒரு கோப்பைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து செல்லவேண்டும், சாவி கேட்கவேண்டும், பக்கங்களைப் புரட்டவேண்டும். இன்று எந்த முயற்சியும் தேவையில்லை. ஒரு விரல் அசைந்தால் ஒருவருடைய துயரம் இருநூறு பேருக்குச் சென்றுவிடும். எந்தக் கண்ணீரும் அதைத் திரும்ப அழைக்காது. காகிதம் காலத்தால் மங்கும். கணினியில் பதிந்தது, ஒருவர் சுகமடைந்து பத்தாண்டு கழிந்த பின்னும், நேற்று எழுதியதுபோலவே நிற்கும்.

ஆனாலும் கருவியைச் சபிப்பது நேர்மையாகாது. காசநோயாளிகளைப் பதிவு செய்ய அரசு 2012-இல் ‘நிக்ஷய்’ என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கியது. அதனால் இங்கே சிகிச்சை தொடங்கிய ஒரு கட்டடத் தொழிலாளி வேறு மாநிலத்துக்குப் போனாலும், மருந்தைத் தொடர வழியுண்டு. 2018 ஏப்ரல் முதல் நோயாளியின் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. யார் முன்னும் வரிசையில் நிற்காமல், யாருடைய கையையும் பார்க்காமல் பெறும் பணம் அது. அதில் ஒரு மாண்பு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ திட்டத்தில் தனியாரும் நிறுவனங்களும் நோயாளிகளுக்கு உணவுப் பெட்டகம் அளிக்கலாம். அதிலும் நோயாளியின் சம்மதத்தைக் கேட்ட பிறகே அவரை ஒரு கொடையாளருடன் இணைக்கவேண்டும் என்பது முறை. அரசின் படிவம் கேட்கும் அந்தச் சம்மதத்தைச் சபையின் போதகனாகிய நான் கேட்கவில்லை.

நாட்டின் சட்டமும் இந்தத் திசையில் நடந்து வந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் நம்பிக்கையின் பேரில் தெரிவித்த நிலையை, சட்டம் வகுத்த சில விலக்குகள் நீங்கலாக, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதமின்றி வெளியிடலாகாது என்பது அதன் கட்டளை. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காகத் தகவலைப் பெறுகிறோம் என்று சொல்லவேண்டும், அதற்கு மாத்திரமே பயன்படுத்தவேண்டும், தேவை முடிந்தால் அழிக்கவேண்டும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று அது பொதுவாகக் கோருகிறது. ‘இது பெரிய நிறுவனங்களுக்கானது, ஆலயத்துக்கு என்ன?’ என்று நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நாட்டின் சட்டம் ஒரு மைல் நடக்கச் சொன்னால், மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இரண்டு மைல் நடக்க வேண்டியவர்கள்.

இவ்விடத்தில் என் இருதயத்தைச் சற்று ஆழமாக ஆராய்ந்தேன். அட்டவணை இல்லாமல் உதவி செய்திருக்க முடியாதா? அட்டவணை தேவைதான். ஆனால் அத்தனை கட்டங்கள் எதற்கு? அரிசி கொண்டு போகிறவருக்குத் தெருவும் கதவு எண்ணும் போதும். மருந்தின் விவரம் மருந்து வாங்கிவர ஒப்புக்கொண்ட ஒருவருக்குப் போதும். மற்றவற்றையெல்லாம் நாங்கள் சேர்த்தது, கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவதற்காக. இன்னும் நேர்மையாகச் சொன்னால், எவ்வளவு செய்தோம் என்று காட்டுவதற்காக. கொடுக்கிறவர் படம் கேட்கிறார். நாம் படம் எடுக்கிறோம். அரிசிப் பையை இரண்டு கைகளால் ஏந்தி, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்கும் அந்தத் தாய், ‘வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் இருக்கிறாரா? பையைக் கையில் வாங்கிய பின் கேட்கப்படும் சம்மதம், சம்மதந்தானா?

தருமத்தைப் பற்றி ஆண்டவர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் போதித்ததை நாம் அறிவோம். வலக்கை செய்வதை இடக்கைகூட அறியாதிருக்க வேண்டும் என்னும் கருத்தைக் கொடுப்பவரின் தாழ்மைக்கான பாடமாகவே நான் பிரசங்கித்து வந்தேன். இப்போது அதில் பெறுபவரின் முகத்தையும் காண்கிறேன். நாம் தாரை ஊதும்போது தெருவே திரும்பிப் பார்ப்பது நம்மை மாத்திரமன்று. நம் முன்னே கைநீட்டி நிற்கிறவரையும் பார்க்கிறது. விந்தை என்னவெனில், கைப்பேசி வழியாக ஒருவருடைய கணக்குக்குப் பணம் அனுப்பினால் இடக்கை உண்மையாகவே அறியாது. அந்தரங்கமாய்க் கொடுப்பதற்கு இதைவிட எளிய கருவி முன்பு இருந்ததில்லை. அனுப்பிய மறுகணம் திரையைப் படம்பிடித்துக் குழுவில் இடுகிறோமே, அங்கேதான் தாரை ஊதப்படுகிறது.

எங்கள் சபையில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். பெருமைக்காகச் சொல்லவில்லை; உங்கள் சபையிலும் இதே கேள்வி எழலாம் என்பதால் சொல்லுகிறேன். அந்தப் பழைய அட்டவணையை அழித்தோம்; அவரவர் கைப்பேசியில் இருந்த படிகளையும் ஒவ்வொருவராக அழிக்கக் கேட்டுக்கொண்டோம். இப்போது உதவிப் பட்டியலில் பெயருக்குப் பதில் எண் மாத்திரம் உண்டு. எண்ணுக்குரிய பெயர் இருவரிடம் மட்டுமே இருக்கிறது. நோய்க்கென்று கட்டமே இல்லை. உதவி முடிந்து குறிப்பிட்ட காலம் ஆனதும் விவரத்தை நீக்கிவிடுகிறோம். பெறுகிறவரின் முகம் தெரியும் படத்தை எடுப்பதில்லை. கொடையாளருக்குக் கடைச் சீட்டைக் காட்டுகிறோம். ஒரு நண்பர், ‘படமில்லாமல் கொடுக்க மனம் வரவில்லை’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த ஆண்டு உதவி நிதி குறைந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன், ஏனெனில் இரகசியம் காப்பதற்கு ஒரு செலவு உண்டு. இதுவரை அந்தச் செலவை ஏழைகளே ஏற்றார்கள். இனி நாம் ஏற்கட்டும்.

சபைக் குழுவில் ஜெபக் குறிப்பு இடுவதற்கு முன், ‘எந்த அளவு சொல்லட்டும்?’ என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்கிறோம். ‘ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுகிறவர்களே மிகுதி. ஆண்டவருக்கு முகவரி தேவையில்லை.

இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் ஒரு தயக்கம் எனக்கு இருந்தது. இரகசியத்தைக் காக்கத் தவறிய கதையைச் சொல்ல, அதே இரகசியத்தை மறுபடியும் எடுக்கலாமா? ஆகவே, இப்போது வேறு பகுதியில் குடியிருக்கும் அந்தச் சகோதரியிடம் சென்று, எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். பிறகு, ‘போடுங்க ஐயா. இன்னொருத்தர் வீடு காலி பண்ணாம இருந்தா சரி’ என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்டு வாங்கவில்லை. புறப்படும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி சொன்னார், சாத்திவிட்டு வந்தேன்.

இந்த வாரத்தின் சிந்தனைக்கு: உங்கள் கைப்பேசியில் பிறருடைய துன்பம் எதுவேனும் படமாகவோ பட்டியலாகவோ கிடக்கிறதா? அது இன்னும் அங்கே இருக்கவேண்டிய தேவை என்ன? உங்களிடம் ஒருவர் கடைசியாக ஒப்படைத்த செய்தி இப்போது எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஜெபம்: எங்கள் உட்காருதலையும் எழுந்திருக்குதலையும் அறிந்த பிதாவே, எங்களைக் குறித்து எல்லாம் அறிந்திருந்தும் எங்களை வெட்கப்படுத்தாத உமது அன்புக்காக ஸ்தோத்திரம். எங்களை நம்பி வாய்திறந்தவர்களை நாங்கள் காட்டிக்கொடுத்த வேளைகளை எங்களுக்கு மன்னியும். கூட்டத்தினின்று ஒருவனைப் பிரித்து ஓரமாய் அழைத்துச் சென்ற உம்முடைய குமாரனின் மென்மையை எங்கள் கைகளுக்கும் நாவுக்கும் தாரும். எங்களால் வீட்டையும் வேலையையும் உறவையும் இழந்தவர்களை நீரே தாங்கும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், ஆமென்.